பெயர்ச்சீட்டில் காணாமல் போன லெட்சுமி

C என்ற நிரல் மொழியில் வேலை செய்ய வந்திருக்கும் உங்களிடம் சீக்கிரமே யாராவது ஒரு சின்ன வேலையைக் கொடுப்பார்கள். ஒரு மாதிரி வரி இருக்கும். பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு குறி இருக்கும். அந்தக் குறியை எடுத்துவிட்டு உண்மையான பெயரை வைக்க வேண்டும். மதியச் சாப்பாட்டுக்கு முன்பே முடித்துவிடலாம் என்று தோன்றும், முடித்தும் விடுவீர்கள். என் வேலைக்காலத்தில் நான் மிகவும் கவலைப்பட்ட நாட்கள் அப்படி ஒரு வேலையால்தான் வந்தன. ஓய்வு பெற்ற பிறகு பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். நிரல் எழுதும் முறையைச் சொல்ல நல்ல புத்தகங்கள் இருக்கின்றன. நான் நடந்ததைச் சொல்கிறேன்.

ஜோகூர் பாருவில் ஒரு சிறிய நிறுவனத்தில் அப்போது இருந்தேன். பெயர்ச்சீட்டு அச்சடிக்கும் சிறு இயந்திரங்களையும் அவற்றுக்குள் ஓடும் நிரலையும் செய்தோம். நிறுவனத்தை நடத்தியவர் நாகப்பன். செட்டிநாட்டிலிருந்து வந்து பல தலைமுறைகளாக இங்கே வியாபாரம் செய்யும் குடும்பம். அவர் மட்டும் மின்னணுப் பக்கம் வந்துவிட்டார். என்னோடு நிரல் எழுதியவன் கமால். பொந்தியானில் அவன் அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்; தமிழ் முஸ்லிம் என்பதால் ஊரில் அவரைக் காக்கா என்றே கூப்பிடுவார்கள். கமால் வேகமானவன், நல்ல மூளை, யார் உதவி கேட்டாலும் மறுக்கத் தெரியாது.

முதலில் பேரங்காடிகளின் அலமாரிகளில் ஒட்டும் பொருள் சீட்டுகளைத்தான் செய்தோம். பிறகு டயாலிசிஸ் நிலையங்கள் சில எங்களைக் கேட்டன. அங்கே ஒவ்வொரு நோயாளிக்கும் டயலைசர் என்று ஒரு வடிகட்டிக் குழல் உண்டு. ரத்தம் அதன் வழியாகப் போய்ச் சுத்தமாகித் திரும்பும். ஒருமுறை பயன்படுத்தியதைக் கழுவி, கிருமிநாசினி நிரப்பி, அதே நோயாளியின் அடுத்த முறைக்கு எடுத்து வைப்பார்கள். ஒருவருடையது இன்னொருவருக்குப் போகவே கூடாது. கையால் எழுதிய மை கிருமிநாசினி பட்டு அழிந்துவிடுகிறது என்பதால்தான் எங்கள் சீட்டைக் கேட்டார்கள். பொந்தியானிலும் குளுவாங்கிலும் இயந்திரங்களை வைத்தாயிற்று. அடுத்த வாரம் கூலாய்க்கும் வேறு சில ஊர்களுக்கும் போக வேண்டும்.

பொந்தியான் நிலையத்தின் தலைமைத் தாதி புனிதா. தாதிகளை இங்கே மிஸ்ஸி என்று கூப்பிடுவோம். ஒரு நாள் காலை அவரிடமிருந்து அழைப்பு வந்தது.

"சரோஜாக்கா, ஒண்ணு கேக்கணும். உங்க மெஷின் ரெண்டு ஆளுக்கு ஒரே பேரு போடுமா?"

"ஏன் மிஸ்ஸி, என்னாச்சு?"

"என் முன்னால ரெண்டு டயலைசர் இருக்கு. ரெண்டுலயும் மேரி ஜோசப். எங்க சென்டர்ல மேரி ஜோசப் ஒரே ஆளுதான்."

"யாருக்காவது மாட்டிட்டீங்களா?"

"மாட்டல. மாட்றதுக்கு முன்னால சீட்டக் காட்டி வாசிக்கச் சொல்வோம். ஒரு அம்மா வாசிச்சுட்டு, 'இது என்னோடது இல்ல மிஸ்ஸி, லெட்சுமிய காணோமே'ன்னாங்க."

அப்படிச் சொன்னவர் செடெனாக் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பிறந்து, கல்யாணமாகிப் பொந்தியானுக்கு வந்து, பள்ளிக்கூடச் சிற்றுண்டிச்சாலையில் சமைத்துக்கொண்டிருந்த பெண்மணி. அடையாள அட்டையில் உள்ளபடி அவர் பெயரை வாசிக்கச் சொன்னேன்.

"மேரி அலியாஸ் லெட்சுமி, a/p, முத்து அலியாஸ் ஜோசப்."

புனிதா வாசித்ததை எழுதிப் பார்த்தேன். மேரி @ லெட்சுமி a/p முத்து @ ஜோசப். a/p என்பது மலாயில் 'மகள்' என்பதன் சுருக்கம். அப்பா தேவாலயத்தில் சேர்ந்தபோது ஜோசப் ஆனார், மகள் மேரி ஆனாள். பழைய பெயர்களையும் யாரும் விடவில்லை. இந்த நாட்டில் அப்படி இரண்டு பெயர் உள்ளவர்கள் ஏராளம். தமிழர், சீனர், மலாய்க்காரர் எல்லாரிலும் உண்டு. அடையாள அட்டையில் இரண்டு பெயருக்கும் நடுவில் அந்த @ குறிதான் நிற்கும்.

எங்கள் மாதிரி வரியில் பெயர் வர வேண்டிய இடத்தை பெயருக்கான மலாய்ச் சொல்லை வைத்து நாங்கள் குறித்திருந்த விதம் இது: @NAMA@.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். கமால் என் மேசை அருகில் நின்று எழுதியதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அக்கா," என்றான். "மெஷின் வச்ச அன்னிக்கே ஒரு @ பிரச்சினை வந்துச்சு."

"என்கிட்ட சொல்லலயே?"

"நீங்க லீவுல இருந்தீங்க. ஒரு சைனீஸ் அங்கிள் பேரு, நடுவுல ஒரே ஒரு @. சீட்டு கன்னாபின்னான்னு வந்துச்சு. மிஸ்ஸிங்க எல்லாம் நின்னுக்கிட்டு இருந்தாங்க. அங்கேயே உக்காந்து சரி பண்ணிட்டேன். அப்புறம் எல்லாம் நல்லா வந்துச்சு, அதான்..."

என்ன சரி செய்தான் என்று கேட்டேன். அதே வரியில் இரண்டாவது @ இல்லாவிட்டால் முதலாவதைச் சாதாரண எழுத்தாக எடுத்துக்கொள்ளும்படி மாற்றியிருந்தான். சீனப் பெரியவரின் பெயருக்கு அது போதுமாக இருந்தது. லெட்சுமியின் பெயரில் இரண்டு @ இருந்தன. அந்த நிரல் பெயரை வரிக்குள் வைத்துவிட்டு, வைத்த பெயரையும் சேர்த்து மறுபடி முதலிலிருந்து வாசித்தது. இரண்டு @ குறிகளுக்கு நடுவில் இருந்ததை இன்னொரு இடக்குறி என்று நினைத்தது. அப்படி ஓர் இடக்குறியைத் தனக்குத் தெரியாது என்பதால் அந்த இடத்தை வெறுமையாக்கியது. மிச்சமிருந்த இடைவெளிகளையும் ஒன்றாக்கி அழகுபடுத்தியது. மேரி ஜோசப் என்று சுத்தமான சீட்டு வெளியே வந்தது.

கமாலின் திருத்தத்துக்கு முன்பு அந்தப் பிழை சத்தம் போட்டது. திருத்தத்துக்குப் பிறகு வாயை மூடிக்கொண்டது. நீங்கள் ஒரு பிழையைச் சரிசெய்ததும், அது போய்விட்டதா, கண்ணில் படாமல் மட்டும் ஆகிவிட்டதா என்று உங்களையே கேளுங்கள். கமாலைப் போலக் கெட்டிக்காரர்கள்தான் இந்தக் கேள்வியை மறப்பார்கள். அவர்களால் சீக்கிரம் சரிசெய்ய முடிகிறது.

அடிப்படை நிரலை அவன் எழுதவில்லை. அது பேரங்காடிச் சீட்டுக்காக எழுதப்பட்டது. எழுதியவர் எப்போதோ வேறு வேலைக்குப் போய்விட்டார். அரிசிப் பை, சோப்பு, மீன் டின் எதன் பெயரிலும் @ கிடையாது. அந்த இடத்தில் அது சரியாகத்தான் ஓடியது. ஓடுகிறது என்பதற்காக இங்கே தூக்கிக்கொண்டு வந்தோம்.

"அஞ்சு நிமிஷம் குடுங்கக்கா," என்றான் கமால். "@-க்குப் பதிலா வேற குறி மாத்திடறேன். வளைவு அடைப்பு போட்டுடலாம். அது யாரு பேர்லயும் வராது."

"உனக்கு எப்படித் தெரியும்?"

அவன் அதற்குள் விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்துவிட்டான். பதற்றத்தோடு யாரும் நிரலைத் தொடக்கூடாது என்பது என் கருத்து. அவனை உட்காரச் சொல்லிவிட்டு நாகப்பனின் அறைக்குப் போனேன்.

நடந்ததைச் சொல்லி, இரண்டு ஊரிலும் இயந்திரத்தை உடனே நிறுத்த வேண்டும் என்றேன். அவர் எழுந்து கதவைச் சாத்தினார்.

"நிறுத்துனா என்ன செய்வாங்க, சரோஜா?"

"கையால எழுதட்டும் சார்."

"கையால எழுதுனா அழியுதுன்னுதானே நம்மள கூப்பிட்டாங்க? அழிஞ்ச சீட்ட வச்சுக்கிட்டு ஆள மாத்தி மாட்டுனா? அது நம்ம மெஷின் செஞ்ச தப்பு இல்ல, அதனால பரவாயில்லயா?"

அவர் வியாபாரத்தைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று நினைத்துக்கொண்டுதான் உள்ளே போயிருந்தேன். அந்த நினைப்பு கொஞ்சம் உண்மைதான். ஆனால் அவர் கேட்ட கேள்வி நியாயமானது. ஓடவிட்டாலும் ஆபத்து, நிறுத்தினாலும் ஆபத்து. அவசரத்தில் நமக்குப் பிடித்த வழியின் ஆபத்து மட்டும் கண்ணுக்குத் தெரியாமல் போய்விடுகிறது.

"கமால் சொல்ற மாதிரி குறிய மாத்துனா போதாதா?" என்று கேட்டார்.

"போதாது சார். பேருக்குள்ள என்ன இருக்குன்னு நம்ம நிரல் வாசிக்கவே கூடாது. இப்ப வாசிக்குது. குறிய மாத்துனா வேற ஒருத்தர் பேர்ல மாட்டிக்கும், அப்பவும் நமக்குத் தெரியாது."

"அதச் சரியா எழுத எவ்வளவு நேரம் வேணும்?"

"எழுதறதுக்கு ரொம்ப நேரம் ஆகாது. சோதிச்சுப் பாக்க ஆகும். அத இன்னிக்கே செஞ்சு அனுப்ப மாட்டேன்."

"இன்னிக்கு மத்தியானம் ஆளுங்க வந்து உக்காருவாங்களே லா!"

அந்த நேரத்தில்தான் வழி தெரிந்தது. புதிதாக எதையும் சேர்க்காமல், இருப்பதில் கொஞ்சத்தை எடுத்துவிடலாம். மாதிரி வரி, இடக்குறி, நிலையத்தின் சின்னம், அழகான தலைப்பு எதுவும் வேண்டாம். பெயர் ஒரு வரி, அடையாள அட்டை எண் ஒரு வரி. பதிவில் உள்ள எழுத்துகளை உள்ளபடியே அச்சுக்கு அனுப்ப வேண்டும். ஒன்றை எடுத்து இன்னொன்றை வைக்கும் வேலையே இல்லாவிட்டால் தப்பாக வைக்க முடியாது. அவரிடம் அதைச் சொன்னேன்.

"பாக்க அசிங்கமா இருக்குமே."

"இருக்கும் சார்."

"செய்யுங்க," என்றார். பிறகு, "சென்டருக்கு என்ன சொல்லப் போறீங்க? சீட்டு அமைப்புல சின்னப் பிரச்சினைன்னு சொல்லிடலாமா?" என்று கேட்டார்.

என்ன நடந்ததோ அதை எழுதுகிறேன், படித்துவிட்டு முடிவு செய்யுங்கள் என்று சொன்னேன். பெயரில் இரண்டு @ இருந்தால் நடுப்பகுதி போய்விடுகிறது, அதனால் ஒருவர் சீட்டில் இன்னொருவர் பெயர் வர வாய்ப்பு உண்டு, வந்தும் இருக்கிறது, எங்கள் சீட்டு ஒட்டிய எல்லாவற்றையும் அடையாள அட்டை எண்ணை வைத்துச் சரிபாருங்கள், சந்தேகம் இருந்தால் பயன்படுத்தாதீர்கள் என்று எழுதினேன். அவர் இரண்டு முறை படித்தார். ஒரு சொல்லையும் மாற்றாமல் தன் பெயரைப் போட்டு அனுப்பினார். கூலாய் போவதையும் அவரே தள்ளிவைத்தார்.

அச்சை எளிமையாக்கும் வேலையைக் கமாலும் நானும் ஒரே திரையின் முன் உட்கார்ந்து செய்தோம். நான் சொல்ல அவன் எழுதினான், அவன் எழுதியதை நான் வாய்விட்டு வாசித்தேன். மதியத்துக்குள் இரண்டு ஊரிலும் புதிய சீட்டு வந்தது. மொட்டையாக இருந்தது. லெட்சுமியின் பெயர் முழுதாக இருந்தது.

அதோடு முடிந்திருந்தால் உங்களிடம் சொல்ல இவ்வளவு இருக்காது. இயந்திரம் வைத்த நாளிலிருந்து அன்று காலை வரை என்ன நடந்தது என்ற கேள்வி இருந்தது. லெட்சுமியின் வடிகட்டி எப்போதாவது அந்த இன்னொரு மேரி ஜோசப்புக்குப் போயிருக்குமா? புனிதாவிடம் நேரில் கேட்கப் பொந்தியானுக்குப் போனோம்.

"பேரும் பாக்கணும், நம்பரும் பாக்கணும், அதான் ரூல்," என்றார் புனிதா. "பாத்திருப்போம். ஆனா அக்கா, பாத்திருப்போம்னு சொல்றதும் பாத்தோம்னு சொல்றதும் ஒண்ணு இல்லல்ல?"

அவர் ஏற்கெனவே இரண்டு பேரிடமும் சொல்லிவிட்டார். ரத்தப் பரிசோதனைக்கும் அனுப்பிவிட்டார். எங்களுக்காகக் காத்திருக்கவில்லை.

லெட்சுமி நாற்காலியில் சாய்ந்திருந்தார், கையில் குழாய் மாட்டியிருந்தது. நான் நடந்ததைச் சொன்னேன். கமால் முன்னால் வந்து மன்னிப்புக் கேட்டான்.

"நீங்க ரெஸ்டாரன் காக்கா மவன்தானே?" என்று லெட்சுமி அவனிடம் கேட்டார்.

"ஆமா ஆன்ட்டி."

"ஒங்க அப்பா கடையில நான் காய் நறுக்கிக் குடுத்திருக்கேன். போப்பா, மொகத்தக் கழுவிட்டு வா. எனக்கு ஒண்ணும் ஆகல."

மேரி ஜோசப் அப்படி இருக்கவில்லை, இருக்க வேண்டிய கட்டாயமும் இல்லை. அவர் ஓய்வு பெற்ற ஆசிரியை. எங்களை உட்காரச் சொல்லவில்லை.

"வகுப்புல ஒரு பிள்ளையோட பேர தப்பா வாசிச்சா, மன்னிப்பு கேட்டுட்டுத்தான் பாடத்த ஆரம்பிப்பேன்," என்றார். "நீங்க இன்னொருத்தங்க ரத்தம் போன குழாயில என் பேர ஒட்டியிருக்கீங்க. அவங்க வாசிச்சுப் பாக்காம இருந்திருந்தா?"

"வாசிச்சாங்க டீச்சர்," என்றார் புனிதா மெதுவாக.

"வாசிச்சாங்க. அதத்தான் கேக்கறேன். அவங்க வாசிக்காம இருந்திருந்தா, இவங்க நிரல்ல என்ன இருந்துச்சு தடுக்க?"

ஒன்றும் இருக்கவில்லை. அதை அப்படியே சொன்னேன். அவர் போகலாம் என்று கையைக் காட்டினார்.

பரிசோதனை முடிவுகள் வந்தன. இருவருக்கும் ஒன்றும் இல்லை. சில மாதங்கள் கழித்து மறுபடி செய்தபோதும் ஒன்றும் இல்லை. அதற்கிடையிலேயே மேரி ஜோசப் வேறு நிலையத்துக்கு மாறிவிட்டார். அது அவருக்குத் தூரம், மகன் காரில் கூட்டிக்கொண்டு போவதாகக் கேள்விப்பட்டோம். அவரை அங்கேயே இருக்கச் சொல்லும் தகுதி எங்களுக்கு இல்லை.

கமால் வேலையை விட்டுவிடுகிறேன் என்று வந்தான். விடலாம், அதற்கு முன் சரியான நிரலை எழுதிக் கொடுத்துவிட்டுப் போ என்றேன். அவனைத் தடுக்க நினைத்துச் சொன்னதல்ல. அந்த வேலையில் எங்கெங்கே வழுக்கும் என்று அப்போது அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் எங்களிடம் யாரும் இல்லை.

அவன் பழையதில் ஒரு வரியையும் எடுத்துக்கொள்ளவில்லை. புதியது மாதிரி வரியை இடமிருந்து வலமாக ஒரே ஒரு முறை வாசித்தது. முடிவைத் தனியாக வேறு இடத்தில் எழுதியது. வைத்த பெயரைத் திரும்பிப் பார்க்கவில்லை, பெயருக்குள் எது இருந்தாலும் அது வெறும் எழுத்துதான். தெரியாத இடக்குறி வந்தால் வெறுமையாக விடாமல், அச்சடிக்க மாட்டேன் என்று நின்றது. எழுதுவதற்கு முன்பே எவ்வளவு இடம் வேண்டும் என்று அளந்துகொண்டது.

படித்துப் பார்த்தபோது ஓரிடத்தில் நின்றேன். முடிந்த வரியை அச்சுக்கு அனுப்பும்போது அதையே, வரியை அமைத்துத் தரும் snprintf கட்டளைக்கு வடிவச் சரமாகக் கொடுத்திருந்தான். உங்களுக்குத் தெரியும், அங்கே ஒரு % வந்தால் C அதைக் கட்டளையாக எடுத்துக்கொண்டு, இல்லாத ஒன்றை நினைவகத்தில் தேடப் போகும்.

"இங்க %s போட்டு, வரிய வெறும் எழுத்தா தனியா குடு," என்றேன்.

"பேர்ல யாருக்குக்கா % இருக்கப் போவுது?" என்று கேட்டவன், கேட்டு முடிக்கும் முன்பே தலையில் கை வைத்துக்கொண்டான். "அலமாக்! மறுபடியும் அதையே சொல்றேன்."

அதன் பிறகு அவன் வேலையை விடுவதைப் பற்றிப் பேசவில்லை. பார்ப்பவர்களிடமெல்லாம் விசித்திரமான பெயர் கேட்டுச் சேர்க்க ஆரம்பித்தான். ஒற்றை மேற்கோள் குறி உள்ள பெயர், சாய்கோடு உள்ளது, ஒரே எழுத்துப் பெயர், அப்பா பெயரே இல்லாதது. பாலோவில் ஒரு கல்யாணத்துக்குப் போன இடத்தில் மாப்பிள்ளையின் முழுப்பெயரை எழுதி வாங்கிக்கொண்டு வந்தான். எல்லாவற்றையும் போட்டுச் சோதித்தான்.

கடைசியாக ஒரு காலை நேரத்தில் அந்த நிரலைப் பொந்தியானில் ஏற்றினோம். நாகப்பனும் வந்திருந்தார். சீட்டுகள் ஒவ்வொன்றாக வந்தன. சின்னம் திரும்பி வந்தது, தலைப்பு வந்தது, பெயர்கள் முழுதாக வந்தன. அவர் முகத்தில் நிம்மதி தெரிந்தது.

அப்போது இயந்திரம் நின்றது. புதிதாகச் சேர்ந்த ஒரு மலாய்ப் பெரியவரின் பெயர். பட்டம், சொந்தப் பெயர், அதில் ஓர் அலியாஸ், அப்பாவின் பட்டம், அப்பாவின் பெயர் எல்லாம் சேர்ந்து சீட்டின் அகலத்தைத் தாண்டிவிட்டது. பெயருக்கு இடம் போதவில்லை, கையால் எழுதவும் என்று திரையில் வந்தது. சீட்டு வரவில்லை.

கமால் சிவந்துபோனான். "அடுத்த பதிப்புல எழுத்தச் சின்னதாக்கிடறேன் மிஸ்ஸி."

"அது வரைக்கும் கடைசிக் கொஞ்சத்த வெட்டிட்டு அச்சடிக்கச் சொல்லக் கூடாதா?" என்று நாகப்பன் என் காதருகில் கேட்டார்.

"கடைசியில இருக்கறது அவர் அப்பா பேரு சார். அத வெட்டுனா இவர் யாரு வேணும்னாலும் ஆகலாம்."

புனிதா அதற்குள் ஒரு வெற்றுச் சீட்டை எடுத்து, அடையாள அட்டையைப் பார்த்துப் பெயரை இரண்டு வரியாக எழுதி, மேலே ஒளிபுகும் டேப் ஒட்டிவிட்டார். பெரியவரிடம் காட்டினார். அவர் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, பட்டத்தில் ஆரம்பித்து அப்பா பெயர் வரைக்கும் நிதானமாக வாசித்து, தலையை ஆட்டினார்.

"இப்படி நின்னுச்சுன்னா எங்களுக்குக் கஷ்டம் இல்ல தம்பி," என்றார் புனிதா கமாலிடம். "முடியலன்னா முடியலன்னு சொல்லட்டும். நாங்க எழுதிக்கறோம்." சொல்லிவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய்விட்டார்.